கல்லூரி ஆசிரியரும் பணியின் இன்பமும்

ஒருவர் தம் வேலையில் மனம் பதிந்து நிற்கிறாரா, அல்லது பொழுதைக் கழிக்கிறாரா என்பதைக் கைத்தொழிலில் எளிதில் கண்டுகொள்ளலாம். கொச்சியின் பழம் பகுதியாகிய மட்டாஞ்சேரியில் இதற்குச் சான்றுகள் பல உண்டு. மிளகும் சுக்கும் குவிந்து கிடக்கும் கிடங்குகளில் முறத்தால் புடைத்துத் தரம் பிரிப்போரையும், தமிழகத்தினின்றும் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் சலவைத் துறையில் தேய்ப்புப் பெட்டியைச் செலுத்துவோரையும் சற்று நின்று கவனித்தால், கையும் கண்ணும் கருத்தும் ஒன்றாகிவிடும் நிலை இன்னதென்று விளங்கும். சுருக்கமின்றி மடித்து வைத்த துணியே அவர்களுடைய உழைப்புக்கு அப்போதைக்கப்போது கிடைக்கும் சான்றாக அமைகிறது.

ஆசிரியத் தொழிலில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியேறுகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பொருளோடு ஒன்றியிருந்தாரா, அல்லது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. ஆனால் மாணவர்களுக்கு அது தெரியும். ஐந்து நிமிடங்களுக்குள் தெரிந்துவிடும் என்று கூறினும் மிகையாகாது.

நல்லாசிரியர் என்பவர் இயல்பிலேயே அவ்வாறு அமைந்தவர் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டி ஆசிரியரின் இலக்கணத்தை வகுத்த நன்னூலை இதற்கு ஆதாரமாகக் கூறுவாரும் உண்டு. ஆயின் அதே நன்னூலில் பவணந்தியார் பாடஞ்சொல்லும் முறையையும் வகுத்துள்ளார். ஆசிரியர் அவசரமும் சினமும் இன்றி, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும் கற்பிக்க வேண்டும் என்கிறார். அவ்வாறு கூறுவதற்கு முன்பாகவே, காலமும் இடமும் தக்கவாறு அமைந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும் என்று தொடங்குகிறார். இவ்வரிசை முறை நம் சிந்தனைக்கு உரியது. காலமும் இடமும் முதலில் அமைய வேண்டும். முகமலர்ச்சி அதன் பின்னரே வரும். இன்றைய மனோதத்துவ ஆராய்ச்சியும் இவ்வழியிலேயே செல்கிறது என்பதையும், கொச்சி நாட்டின் கல்வி வரலாறு இதற்கு எவ்வாறு சான்று பகர்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

லயிப்பு என்பது யாது?

இசையரங்கில் பாடகர் பாட்டோடு ஒன்றிப்போவதை லயித்தல் என்கிறோம். அந்நிலையில் பசி தெரிவதில்லை. நேரம் போவது தெரிவதில்லை. தன்னைப்பற்றிய நினைவும் மங்கிவிடுகிறது. இந்நிலையை முறையாக ஆராயப் புகுந்தவர் ஹங்கேரிய மரபினரான மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்னும் அமெரிக்கப் பேராசிரியர். சதுரங்கம் ஆடுவோர், பாறை ஏறுவோர், நடனமாடுவோர், அறுவை மருத்துவர் முதலிய பலதிறத்தாரையும் வினவி, 1975இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒருவர் எதிர்கொள்ளும் வேலையின் அருமையும் அவருடைய திறமையும் ஏறத்தாழச் சமமாக நிற்கும்போதுதான் லயிப்பு பிறக்கிறது என்பது அவர் கண்ட முடிபு. வேலை திறமையை விஞ்சினால் கலக்கம் உண்டாகிறது. திறமை வேலையை விஞ்சினால் சலிப்பு உண்டாகிறது. செய்ய வேண்டியது இன்னதென்ற தெளிவும், செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் உடன் இருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார்.

இக்கருத்தைத் தொழிலிடங்களுக்குப் பொருத்தி ஆராய்ந்தவர் டச்சு நாட்டு மனோதத்துவ அறிஞர் ஆர்னால்ட் பேக்கர். பணியில் எய்தும் இந்நிலையை அவர் மூன்று கூறுகளாகப் பிரித்தார். முதலாவது லயிப்பு, அதாவது கவனம் முழுவதும் வேலையில் அடங்கிவிடுதல். இரண்டாவது இன்பம், அதாவது அவ்வேலை மகிழ்ச்சி தருதல். மூன்றாவது உள்ளார்ந்த ஊக்கம், அதாவது கூலிக்காகவோ அச்சத்தாலோ அன்றி அவ்வேலைக்காகவே அதனைச் செய்ய விழைதல். இவற்றை அளந்தறிவதற்கான வினாத்தொகுதி ஒன்றை அவர் 2008இல் வெளியிட்டார்.

மூன்றும் எப்போதும் ஒருங்கே நிற்பதில்லை என்பதை இங்கு மனத்திற் கொள்ளுதல் நன்று. தேர்வுத் தாள்களை நாள் முடிவதற்குள் திருத்தியாக வேண்டிய ஆசிரியரும் தலை நிமிராமல்தான் உட்கார்ந்திருப்பார். அதில் கவனம் உண்டு. இன்பம் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. நாம் மேற்கொண்டுள்ள மொழிபெயர்ப்புத் தொழிலிலும் இவ்வேறுபாடு நன்கு தெரியும். ஒரு சொல்லுக்கு நிகரான சொல்லைத் தேடி ஒரு பிற்பகல் முழுவதும் கழியும் போது தோன்றும் நிறைவு வேறு. மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற சீட்டோடு வரும் கோப்பில் குனிந்து கிடப்பது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

சுமையும் துணையும்

பணிச்சூழலை ஆராய்வோர் அதனை இரு பகுதிகளாகப் பிரித்துக் காண்பர். ஒன்று சுமை, மற்றொன்று துணை. வேலையின் அளவு, காலக்கெடு, இடையூறுகள், ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள் ஆகியவை சுமையைச் சாரும். சுதந்திரம், உடன் பணிபுரிவோரின் ஆதரவு, மேலோரின் வழிகாட்டல், தம் வேலையின் பயனை அறியும் வாய்ப்பு ஆகியவை துணையைச் சாரும். சுமை மிகுந்து துணை குறைந்தால் மனிதர் சோர்ந்துபோகிறார். துணை போதிய அளவு இருந்தால், ஓரளவு மிகுந்த சுமையையும் விருப்போடு தாங்குகிறார். இக்கோட்பாட்டை பேக்கரும் அவருடன் ஆராய்ந்த பிறரும் 2001இல் வகுத்துரைத்தனர்.

ஆசிரியர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. 2005இல் பேக்கர் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில், 16 இசைப் பள்ளிகளைச் சேர்ந்த 178 இசையாசிரியர்களும் அவர்களிடம் பயின்ற 605 மாணவர்களும் வினவப்பட்டனர். சுதந்திரமும் ஆதரவும் வழிகாட்டலும் மிகுதியாகப் பெற்ற ஆசிரியர்களிடத்தே வேலைக்கும் திறமைக்கும் இடையே சமநிலை நன்கு அமைந்திருந்தது. லயிப்பும் அவர்களிடத்தே மிகுந்திருந்தது. இதனினும் வியப்பான செய்தி மற்றொன்று. எந்த ஆசிரியர் லயித்துக் கற்பித்தாரோ, அவருடைய மாணவரும் இசையில் லயித்தனர். ஒரே காலத்தில் வினவிப் பெற்ற விடைகள் காரணகாரியத்தை முற்றும் நிறுவமாட்டா என்பது உண்மையே. எனினும் நம் அனுபவத்தோடு இம்முடிபு ஒத்துச் செல்கிறது. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றப்படுவது போல, ஆசிரியரின் ஆர்வம் மாணவரிடத்தே பற்றுகிறது. ஆகவே ஆசிரியரின் இன்பம் அவருடைய சொந்த விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பங்கும் அதில் அடங்கியுள்ளது.

கொச்சியில் பிறந்த ஒரு நூல்

தக்க சூழலில் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் லயிப்பு எத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதற்குக் கொச்சியோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தைக் கூறலாம்.

1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். மட்டாஞ்சேரியில் போர்த்துகீசியர் கட்டிய அரண்மனை அவர்கள் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றது. அவர்களுடைய மலையாளக் கரைப் பகுதிக்குத் தலைவராக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். அவருடைய முயற்சியால் உருவானதே மலையாளக் கரையின் செடிகொடி மரங்களை விவரிக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல். சேர்த்தலையைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் மூலிகைகளைப் பற்றிய அறிவை அளித்தனர். லத்தீன் மொழியில் 12 தொகுதிகளாக, 742 தாவரங்களின் விவரத்தோடு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அது அச்சாயிற்று. மலையாள எழுத்துக்கள் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று என்ற பெருமையும் அதற்கு உண்டு.

இத்துணைச் சிறப்புடைய நூல் லத்தீனில் இருந்தமையால், அது பிறந்த மண்ணில் உள்ளோருக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் எட்டாக்கனியாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியவர் எர்ணாகுளம் மாவட்டத்தில் பிறந்து, கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய கே. எஸ். மணிலால். அவர் லத்தீன் பயின்றார். நூலிற் கண்ட தாவரங்களைத் தம் மாணவரோடு காடு மேடுகளில் தேடிச் சேகரித்தார். இன்றைய அறிவியற் பெயர்களோடு ஒப்பிட்டு உறுதி செய்தார். 1999இல் ஓய்வு பெற்ற பின்னரும் அப்பணியை விடவில்லை. 2003இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும், 2008இல் மலையாள மொழிபெயர்ப்பையும் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் காலமானார்.

இதனைக் கேட்போர், அரிய மனிதர் என்று வியந்து அமைந்துவிடுவர். அரிய மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய உழைப்பு எத்தகைய தளத்தின்மேல் நின்றது என்பதையும் நோக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி இருந்தது. திங்கள்தோறும் ஊதியம் வந்தது. தாம் விரும்பிய பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருந்தது. உடன் உழைக்க மாணவர்கள் இருந்தனர். ஒரு செடியை அடையாளம் காணும்போது அம்முயற்சி பலித்ததென்பது அப்போதே தெரிந்தது. இவற்றையன்றோ சற்று முன்னர்த் துணை என்று வகைப்படுத்தினோம்? அடுத்த கல்வியாண்டில் தமக்கு வேலை உண்டோ இல்லையோ என்று அறியாத ஒருவர், பல்லாண்டுகள் செல்லும் ஒரு வேலையில் கால் வைக்கத் துணிவரோ? அறிவிலோ ஆர்வத்திலோ அவர் குறைந்தவர் அல்லர். அவருக்குக் காலமும் இடமும் அமையவில்லை.

ஊதியம் உறுதிப்பட்ட வரலாறு

நிலையான பதவியும் தவறாத ஊதியமும் கேரளத்தின் தனியார் கல்லூரி ஆசிரியர்க்கு எளிதில் கிட்டிவிடவில்லை. முற்காலத்தில் எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, யாரை வைத்துக்கொள்வது, யாரை விலக்குவது என்பன பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தன.

இந்நிலையை உள்ளிருந்து அறிந்தவர் ஜோசப் முண்டசேரி. திருச்சூரில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், மலையாள இலக்கிய விமரிசனத்தில் முன்னணியில் நின்றவர். தனியார் கல்லூரி ஆசிரியரின் இடர்ப்பாடுகளை 'புரொபசர்' என்னும் நாவலில் எழுதிக் காட்டினார். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அவரே கல்வி அமைச்சரானார். அவர் கொணர்ந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது. அதனைச் சுற்றி எழுந்த பெரும் கிளர்ச்சி வரலாறு அறிந்தது. 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தராகவும் அவர் பொறுப்பேற்றார்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை திருப்புமுனை 1972இல் வந்தது. அவ்வாண்டில் அரசுக்கும் தனியார் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆசிரியர்க்கு அரசே நேராக ஊதியம் வழங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. மாணவரிடம் பெறும் கட்டணமும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தோடு ஒத்ததாயிற்று. இதன் பயன் ஊதியப் பட்டியலோடு நின்றுவிடவில்லை. நிர்வாகியின் முகக்குறிப்பைப் பார்த்து வாழ வேண்டிய அச்சம் குறைந்தது. நூலகத்தில் ஒரு மணி கூடுதலாக உட்கார மனம் இடம் கொடுத்தது. மட்டாஞ்சேரியை அடுத்து மேற்குக் கொச்சியில் 1967இல் தோன்றிய கொச்சிக் கல்லூரி போன்ற நிலையங்கள் இவ்வேற்பாட்டின் நிழலில் வளர்ந்தவை. அதற்கு முன் இப்பகுதிப் பிள்ளைகளுள் பட்டப் படிப்பை நாடியோர், 1875 முதல் கல்லூரியாக விளங்கிவரும் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி போன்றவற்றுக்குக் காயலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது.

ஊதியம் உயர்ந்தால் இன்பமும் தானே உயர்ந்துவிடுமா என்ற வினா இங்கு எழும். பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர், ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் வினவி 1959இல் ஒரு விடை கூறினார். ஊதியம், பதவிப் பாதுகாப்பு, நிர்வாக முறை முதலியவை குறைந்தால் மனக்குறை பிறக்கும். அவை நிறைந்தால் மனக்குறை நீங்கும். ஆனால் வேலையில் இன்பம் பிறப்பது சாதனை, மதிப்பு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவற்றால் என்பது அவர் விடை. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இப்பிரிவினையை அப்படியே ஏற்கவில்லை. எனினும் ஓர் உண்மை அதில் நிலைத்து நிற்கிறது. அடுப்பு இல்லாமல் சமைக்க முடியாது. அடுப்பு இருப்பதனாலேயே சோறு வெந்துவிடுவதும் இல்லை. ஊதியம் அடுப்பைப் போன்றது.

இன்றைய நிலை

இன்று கல்லூரி ஆசிரியரின் பணிநேரத்தை வகுப்பது பல்கலைக்கழக மானியக் குழு. 2018இல் அது வெளியிட்ட விதிமுறைகளின்படி, முழுநேர ஆசிரியர் ஆண்டில் 30 வாரங்கள், வாரத்துக்கு 40 மணிக்குக் குறையாமல் பணியாற்ற வேண்டும். அதில் நேரடியாகக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. 16 மணிதானே என்று வெளியார் நினைப்பது வழக்கம். எஞ்சிய 24 மணி எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் அடங்கியுள்ளது. பாடத்துக்குத் தயாராதல், தாள் திருத்துதல், மாணவர்க்குத் தனியே விளக்குதல், ஆராய்ச்சி செய்தல் ஆகியவற்றுக்கு அந்நேரம் கிடைத்தால், வகுப்பில் செலவிடும் 16 மணியும் உயிருள்ளதாக அமையும். அந்நேரத்தை அறிக்கைகளும் படிவங்களும் கூட்டங்களும் கவர்ந்துகொண்டால், ஆசிரியர் வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழைகிறார்.

2010இல் மானியக் குழு ஆசிரியரின் பணியைப் புள்ளிகளால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2018இல் அம்முறை பெரிதும் மாற்றப்பட்டது. அளவிடுவதே தவறு என்று நாம் கூறவில்லை. தம் வேலையின் பயனை அறிதல் லயிப்புக்குத் துணை என்று முன்னரே கண்டோம். ஆனால் மாணவரின் கண்ணில் தோன்றும் தெளிவு ஒரு வகை அளவு. கோப்பில் சேர்க்கும் சான்றிதழ்களின் எண்ணிக்கை மற்றொரு வகை அளவு. முன்னது வேலையின் உள்ளே இருந்து வருகிறது. பின்னது வேலையை நிறுத்திவிட்டுச் செய்யவேண்டியதாகிறது. லயிப்பு தொடர்ச்சியை வேண்டுவது. துண்டு துண்டாக நறுக்கப்பட்ட நேரத்தில் அது தங்காது.

2024இல் கேரளப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கின. புதிய பாடங்கள், புதிய மதிப்பீட்டு முறைகள் என்று ஆசிரியரின் சுமை ஒருபுறம் கூடியுள்ளது. மறுபுறம், பாடத்தின் ஒரு பகுதியை ஆசிரியரே வகுத்துக்கொள்ளவும் இடம் தரப்பட்டுள்ளது. மட்டாஞ்சேரியின் வரலாற்றை, அங்குள்ள யூதர் ஆலயத்தையும் கொங்கணியர் கோயிலையும் மிளகு வாணிபத்தையும் வகுப்புக்குள் கொண்டுவர விரும்பும் வரலாற்று ஆசிரியருக்கு இது நல்வாய்ப்பு. சுமையோடு சுதந்திரமும் சேர்ந்து வரும்போதுதான் லயிப்பு பிறக்கும் என்ற கோட்பாடு உண்மையாயின், இச்சீர்திருத்தத்தின் வெற்றி பாடத்திட்டத்தின் பக்கங்களில் இல்லை. ஆசிரியர்க்கு விடப்படும் நேரத்திலும் நம்பிக்கையிலும் உள்ளது.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது நிலையற்ற நியமனம். 1972இன் ஏற்பாடு சுயநிதிக் கல்லூரிகளுக்குப் பொருந்துவதில்லை. அவற்றில் பணிபுரிவோரின் நியமனத்தையும் பணி நிபந்தனைகளையும் ஒழுங்குபடுத்தக் கேரள சட்டமன்றம் 2021இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் விருந்தினர் ஆசிரியர் என்ற பெயரால் பலர் பாடம் நடத்துகின்றனர். தமிழகத்திலும் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் இத்தகையோர் உள்ளனர். விருந்தினரையும் கௌரவத்தையும் பெயரிலே கொண்ட இவர்களுக்கு, ஆண்டுதோறும் புதிதாக வேலை தேடும் நிலையே வாய்த்திருக்கிறது.

மானியக் குழு 2019இல் இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய் என்றும், திங்களுக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்றும் வழிகாட்டு நெறி வகுத்தது. தொகையின் அளவைவிட, அது கணக்கிடப்படும் முறையை நோக்குக. வகுப்புக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும்போது, வகுப்புக்கு வெளியே செய்யும் தயாரிப்புக்கும், மாலையில் நின்று கேள்வி கேட்கும் மாணவருக்கு விடை கூறுவதற்கும், கணக்கில் இடம் இல்லாமற் போகிறது. விடுமுறை வந்தால் வருவாய் நின்றுவிடுகிறது. ஆசிரியப் பணியில் எந்தப் பகுதி லயிப்புக்கு வித்தாகிறதோ, அந்தப் பகுதிக்கே விலை இல்லை என்று ஆகிவிடுகிறது. இருந்தும் இவர்களுள் பலர் அப்பகுதியைத் தம் கைப்பொறுப்பில் செய்து வருகின்றனர் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

ஒரு மறுப்பு

பழங்காலத்து ஆசிரியர் மரநிழலிலும் திண்ணையிலும் அமர்ந்து, நெல்லையும் காய்கறியையும் தட்சிணையாகப் பெற்று, மகிழ்ச்சியோடு கற்பிக்கவில்லையா என்று சிலர் வினவுவர். உண்மையான பற்று உடையவருக்குப் பணிச்சூழல் ஒரு பொருட்டோ என்பது அவர்கள் கருத்து.

இதற்கு விடை இரண்டு. முதலாவது, திண்ணை ஆசிரியருக்குப் பொருள் குறைவாக இருந்திருக்கலாம். சுதந்திரம் குறைவாக இருக்கவில்லை. எதை, எப்போது, எவ்வளவு நேரம் கற்பிப்பது என்பது பெரும்பாலும் அவர் கையில் இருந்தது. மாணவர் பாடத்தை ஒப்பிக்கும்போது தம் உழைப்பின் பயனை அவர் அன்றன்றே கண்டார். இன்றைய ஆசிரியருக்குப் பொருள் கூடியிருந்தும், இவ்விரண்டும் குறைந்திருக்கக்கூடும்.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. பற்றுள்ளவர் எப்படியும் உழைப்பார் என்ற நம்பிக்கை, அவரைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள ஒரு சாக்காகவும் ஆகிவிடலாம். லயிப்பு ஓர் ஊதியமன்று. அதனை ஊதியத்துக்கு ஈடாகக் காட்டுவது முறையாகாது. இன்பத்தோடு வேலை செய்கிறார் என்பதற்காகவே ஒருவர்மேல் மேலும் மேலும் சுமையை ஏற்றினால், சிறிது காலத்தில் இன்பம் தேய்ந்து, வேலை மட்டுமே எஞ்சி நிற்கும். தம் பற்றினாலேயே சோர்ந்துபோன ஆசிரியர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

செய்யத்தக்கவை

எல்லாவற்றையும் அரசே செய்ய வேண்டும் என்று எண்ணுதல் கூடாது. பதவிப் பாதுகாப்பும் ஊதியமும் அரசும் நிர்வாகமும் தீர்க்கவேண்டியவை. அவற்றுக்கு மாற்று இல்லை. காலியிடங்களைக் காலத்தோடு நிரப்புவதும், நிரப்பும் வரை அமர்த்தப்படுவோர்க்குத் திங்கள் ஊதியமாகக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் கல்லூரி முதல்வரும் துறைத் தலைவரும் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவையும் சில உண்டு. கால அட்டவணையை வகுக்கும்போது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு முற்பகலாவது இடையூறின்றி விட்டுவைக்கலாம். ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்பதைத் தவிர்க்கலாம். அவரவர் ஆழ்ந்து கற்ற பகுதியை அவரவர்க்கே பாடமாக ஒதுக்கலாம். புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டில் மூத்தவர் ஒருவரைத் துணையாக்கலாம். அறியாத பாடத்தோடு தனித்து நிற்பவருக்கு உண்டாகும் கலக்கம் அதனால் தணியும். விருந்தினர் ஆசிரியருக்கும் துறை அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் நூலகச் சீட்டும் கொடுக்கலாம். இவை சிறியனவாகத் தோன்றும். ஆனால் தமக்கென்று ஓர் இருக்கை இல்லாத ஆசிரியரை, வகுப்பு முடிந்தபின் மாணவர் எங்கே சென்று தேடுவர்?

மட்டாஞ்சேரியின் சந்துகளிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர். வீட்டிலே மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் ஒலிக்கும். வீட்டில் நூல்கள் மிகுதியாக இல்லாத அப்பிள்ளைகள், ஒரு மனிதர் ஒரு பொருளில் மூழ்கித் திளைப்பதை முதன்முதலாகக் காணும் இடம் வகுப்பறையாகவே இருக்கலாம். அறிவை நாடுவது இன்பமானது என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கூறிவிட முடியாது. ஆசிரியரின் முகத்திலிருந்தே அதனை அவர்கள் படித்துக்கொள்ள வேண்டும். அம்முகம் மலர்ந்திருக்க வேண்டுமென்று விரும்பும் நாம், பவணந்தியார் வகுத்த வரிசைப்படி, முதலில் காலத்தையும் இடத்தையும் செம்மைப்படுத்துவோமாக.